ஒன்பதாம் நம்பர் லைன்

பூனா வானவடியில் ராணுவக் குடியிருப்புக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. எங்கள் வீட்டுக்கும் எட்மண்ட் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். நான் பாங்கில் வேலை பார்க்கிறவன், சுத்த சைவம். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரைத் தாண்டி மீன் குழம்பு வாசனை வந்தால் என் மனைவி சரசா ஊதுபத்தி ஏற்றிவைப்பாள். பத்து வருஷம் போனபிறகு அவளே, "ஏன்னா, இன்னிக்கு இன்னும் வாசனையைக் காணோம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். மனுஷ மூக்கு எதற்கும் பழகிவிடும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மழைக்கு முன்னால் அந்த வாசனை நின்றுபோயிற்று.

எட்மண்ட் போசரியில் ஒரு பட்டறையில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவன். லேத்தில் ஏற்றவேண்டிய வார்ப்பை செயின் கப்பியில் தூக்கும்போது கொக்கி நழுவி அவன் வலது தோளில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பை ஒட்டவைத்தார்கள். ஆனால் கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. தலை சீவ இடது கை, சிலுவை போட இடது கை. முதலாளி மோசமானவர் இல்லை. லேத் வேண்டாம், செய்து வருகிற சாமான்களை மேஜையில் உட்கார்ந்து அளந்து பார்க்கிற வேலை தருகிறேன் என்றார். எட்மண்ட் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டான். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் கிடந்தான். ஓடு ஒழுகினால்கூட எழுந்து பாத்திரம் வைக்கமாட்டான். அவன் மனைவி பிலிஸ் வேலை முடிந்து வந்து அவன் கால்மாட்டில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பாள்.

பிலிஸ் கண்டோன்மெண்ட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். வாயும் வேகம், கையும் வேகம். மருந்தை நிறுக்கும்போது மட்டும் மூச்சுகூட விடமாட்டாள். அவர்களுக்கு ஒரே பெண், ஜோஸ்பின். ஒன்பதாவது படித்தாள். அவளுக்குத் தமிழ் அம்மா திட்டும்போது மட்டும் நன்றாகப் புரியும்.

பாளையங்கோட்டையில் எட்மண்டின் அண்ணன் ஆரோக்கியமணி இரும்புக்கடை வைத்திருந்தார். கிளம்பி வா, கடையைப் பார்த்துக்கொள் என்று அவர் சொல்லப் போக, அதுதான் வீட்டுக்குள் சண்டையாக ஆனது. எனக்குக் காதை அடைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை.

"எனக்கு இங்கன என்ன இருக்கு? கை வெளங்காதவனுக்குப் பூனா என்னத்துக்கு?"

"அப்ப நானும் பிள்ளையும் ஒங்களுக்கு ஒண்ணுமில்லையா? ஒங்க அண்ணன் கடையில ஆணி நிறுக்கதுக்கா நான் பார்மசி படிச்சேன்? மேஜை வேலைன்னா கசக்குதோ?"

"இருவது வருசம் லேத்துல நின்னவன் அங்க உக்காந்து ஸ்கேல பிடிக்கணுமாக்கும். சவத்த விடு."

"மம்மி, நெக்ஸ்ட் இயர் மேரா போர்டு எக்ஸாம். அங்க போய் நான் தமிழ் பேப்பர் எப்படி எழுதும்?" என்றாள் ஜோஸ்பின்.

"ஏட்டி, நீ உள்ள போ" என்றாள் பிலிஸ்.

சரசா என் தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு, "அந்த மனுஷன் தூண்டிலைத் தூக்கிண்டு ஆத்துக்குப் போறதை நிறுத்தினதுதான் வியாதி" என்றாள். மீனையே பார்க்கக் கூடாது என்கிறவள் சொன்னாள். அவள் சொன்னது சரி.

எட்மண்டுக்குத் தூண்டில் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலில் முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பவனா ஆற்றுக்கு மேல்பக்கமாகப் போய்விடுவான். புழு குத்திப் போடுகிறவர்களை அவன் மனுஷர்களாகவே மதிப்பதில்லை. கோழி இறகைக் கொக்கியில் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, ராடால், அதாவது நீளத் தூண்டில் கம்பால், வீசுவான். இதில் ஒரு விஷயம் உண்டு. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூச்சிக்கு எடையே கிடையாது. எடையெல்லாம் அதைச் சுமந்து போகிற தடித்த லைனுக்குத்தான், அந்தத் தூண்டில் கயிற்றுக்கு. லைனின் பாரத்தில் ராடு வளைந்து, வளைந்தது நிமிரும்போது லைன் பறக்கும். லைன் ராடுக்குப் பொருந்தவில்லை என்றால், எவ்வளவு பலமாக வீசினாலும் நம் காலடியிலேயே விழும்.

இந்தப் பைத்தியத்தில் அவனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. கர்னல் மகாதேவன், ரிட்டயராகி இரண்டு தெரு தள்ளி இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயர். மீனைப் பிடிப்பார், தடவிக்கொடுப்பார், தண்ணீரில் விட்டுவிடுவார். "சாப்பிடாதவருக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று ஒருமுறை கேட்டேன். "நீர் பாங்கிலே எண்ணறதெல்லாம் உம்ம பணமா?" என்றார்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் கர்னல் நீளமான துணிப்பையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். வாசலிலேயே பிரித்தார். பதினாலு அடி ராடு. வராந்தாவில் அடங்காமல் எங்கள் வீட்டு ஜன்னல் வரை வந்தது.

"ஊருக்குப் போன வெள்ளைக்கார மேஜர் ஒருத்தன் குடுத்துட்டுப் போனது, ஓய் எட்மண்ட். ரெண்டு கை ராடு. ஸ்காட்லாந்திலே ஸ்பேன்னு ஒரு ஆறு. அங்கே முதுகுக்குப் பின்னாலேயே மேடும் மரமும். லைனைப் பின்னாலே தூக்கி வீச இடம் ஏது? அதனால தண்ணி மேலேயே ஒரு சுழட்டுச் சுழட்டி, பக்கத்திலே வளையம் போட்டு, அப்படியே முன்னாலே தள்ளுவான். கை தலைக்கு மேலே போகவே வேண்டாம். வலது கை மேலே சும்மா வழிகாட்டினாப் போறும். அடியிலே இருக்கிற இடது கைதான் இழுக்கணும்."

எட்மண்ட் கட்டிலிலிருந்து எழுந்து வந்தான். ராடைத் தொடாமல் பார்த்தான்.

"எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்? ஊருக்குப் போறேன்."

பிலிஸ் கையில் மாவுடன் அடுப்படியிலிருந்து வந்தாள். "கர்னல் சார் முன்னாலயே சொல்லுதேன். தீவாளிக்குள்ள இந்தக் கம்ப வச்சு ஆத்துல அந்த அக்கரைப் பாறைக்கு லைன போடுங்க. போட்டுட்டா நாம இங்கனதான். மேஜை வேலைக்கும் போகணும்."

"போடலன்னா?"

"போடலன்னா நானே பெட்டி கட்டுதேன். மூச்சு விடமாட்டேன்."

எட்மண்ட் ராடின் அடியை இடது கையால் பிடித்துத் தூக்கினான். அவள் மூச்சு விடாமல் இருப்பாள் என்று அந்த வரிசையில் யாரும் நம்பவில்லை. ஆனால் சொன்ன சொல் மாறமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேஜர் விட்டுப்போன பட்டு லைன் இற்றுப் போயிருந்தது. ராடின் பிடியில் ஒன்பது என்று எண் போட்டிருந்தது. கர்னலின் மருமகன் லண்டனிலிருந்து வாங்கி வந்த ஒன்பதாம் நம்பர் லைன், பிரிக்காத பெட்டியாக இருந்தது. ஒன்பதுக்கு ஒன்பது. இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும்?

"நம்பர்ங்கறது என்ன சார் கணக்கு?" என்று பிலிஸ் கேட்டாள்.

"லைனோட முதல் முப்பது அடி என்ன எடையோ, அதை வச்சுத்தான் நம்பர். ஒன்பதுன்னா இருநூத்து நாப்பது கிரெய்ன்."

கிரெய்ன் என்ற அந்தப் பழைய மருந்துக்கடை எடையின் பேரைக் கேட்டதும் பிலிஸ் முகம் மலர்ந்துவிட்டது. மெட்ரிக் வந்து எத்தனையோ வருஷமாகியும் டிஸ்பென்சரி அலமாரியில் அந்தப் பழைய பித்தளை எடைக்கற்களை அவள் துடைத்து வைத்திருந்தாள். லைனை எடுத்துப்போய் முப்பது அடியில் நறுக்கினாள். தராசில் சுருட்டி வைத்து நிறுத்தாள். பின்னால் மெல்லிய நைலான் நரம்பை முடிந்தாள். மிச்ச லைனைப் பெட்டியிலேயே போட்டு மூடினாள்.

"ஏன் வெட்டினே?" என்று கர்னல் பதறினார்.

"நம்பருக்கு உள்ள எடை வந்தாச்சுல்லா? மேல எதுக்கு வீண் பாரம்? அவிய தோளு தாங்காது."

கர்னல் யோசித்துவிட்டு, அதுவும் நியாயம் என்றார். அவர் அந்த ராடால் தன் ஆயுளில் வீசினது கிடையாது. மேஜர் வீசுவதைப் பார்த்ததோடு சரி. இதை அவர் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க எட்மண்ட் வராந்தாவில் லைன் இல்லாமல் ராடை மட்டும் ஆட்டிப் பழகினான். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று போயிற்று. சரசா அந்த இடத்தில் காலண்டர் அட்டையை ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்மண்ட், பிலிஸ், ஜோஸ்பின், நான் எல்லோரும் கர்னலின் பழைய காரில் போனோம். ராடை மூன்று துண்டாகக் கழற்றியும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் எதற்குப் போனேன் என்று கேட்டால், சரசா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைச் சுமக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். பிம்ப்ரி தாண்டி, ஆலைகளின் மருந்து நாற்றம் விட்டு, ஆற்றங்கரைக்குப் போனபோது வெயில் வந்திருந்தது. மழைத்தண்ணீர் தெளிந்து பச்சையாக ஓடியது. இந்தக் கரையில் முதுகுக்குப் பின்னாலேயே கருவேல மரங்கள். எதிரே, ஆற்றின் நடுவைத் தாண்டி, கறுப்புப் பாறை. அதன் நிழலில்தான் பெரிய மீன்கள் நிற்கும்.

எட்மண்ட் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினான். சுழற்றினான். வளையம் போட்டான். தள்ளினான். லைன் நாலு முழம் போய் அவன் முன்னாலேயே குவியலாக விழுந்தது.

"அவசரம்" என்றார் கர்னல்.

மறுபடி. மறுபடியும் குவியல். ராடு வளையவே இல்லை. அவன் பலத்தைக் கூட்டினான். கூட்டக் கூட்ட வலது தோள் நடுங்கியது. முகத்தில் வலி தெரிந்தது. ஜோஸ்பின் கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

"லைன்ல ஏதோ கோளாறு பிலிஸ்" என்றான் எட்மண்ட்.

"லைன்ல கோளாறு கெடையாது. நான் நிறுத்தா ஒரு கிரெய்ன் பெசகாது." அவள் தன் வேலையைக் குறை சொன்னதாக நினைத்துச் சட்டென்று சொல்லிவிட்டாள்.

"அப்ப கைதான்" என்றான் அவன்.

தயிர்சாதத்தை யாரும் தொடவில்லை. காரில் திரும்பும்போது எட்மண்ட் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு வந்தான். மறுநாளே தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டு அண்ணனை வரச் சொன்னான்.

ஆரோக்கியமணி தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, சின்னக் குரல். கருப்பட்டியும் கருவாடும் கொண்டுவந்திருந்தார். தீபாவளிக்கு முன்பே எல்லோருக்குமாகத் திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிலிஸ் சொன்ன சொல்படி டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள். மூச்சு விடவில்லை. அது எங்களுக்குத் தாங்கவில்லை.

"நான் ஒன்னய இழுத்துட்டுப் போகணும்னு வரல பிலிஸ்" என்று அவர் வாசல்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் போன்ல அழுதுட்டான். நான் என்ன செய்ய?"

"நீங்க என்ன செய்விய அத்தான். விடுங்க" என்றாள்.

மறுநாள் அவள் டிஸ்பென்சரியில் ராஜினாமா கொடுப்பதாக இருந்தது. அங்கே ஒரு சதாரா ஊர்க்கார ராணுவ ஹவில்தார் வந்து சண்டை பிடித்தான். ஆறடி ஆள், கதவு நிறைய நின்றான். இருமல் மருந்து கொடுத்தீர்களே, ஒரு பாட்டில் காலியாகியும் இருமல் போகவில்லை, தண்ணீரைத்தான் கலந்து கொடுக்கிறீர்கள் என்று கத்தினான். பிலிஸ் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். அது அவன் குழந்தைக்குக் கொடுத்த மருந்து. குழந்தைக்குச் சொன்ன அரை ஸ்பூனையே அவனும் சாப்பிட்டிருக்கிறான். மருந்து சரி, அளவும் சரி, ஆனால் அளவு குழந்தைக்கு. உன் உடம்புக்கு அது எந்த மூலைக்கு என்று அவனை மராட்டியில் வறுத்து எடுத்தாள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். பாட்டிலை அவன் கையில் திணித்துவிட்டு, தராசையும் எடைக்கற்களையும் எடுத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கி நடந்தாள்.

நான் சாப்பாட்டுக்கு வீடு வந்திருந்த நேரம். கர்னல் வீட்டுக்குப் போய் அவரையும் இழுத்துக்கொண்டு வருகிறாள். வரும்போதே சத்தம்.

"அந்த முப்பது அடி யாருக்கு சார் கணக்கு? ஒத்தக் கையால வீசுத சின்ன ராடுக்கா, இதுக்கா?"

"நம்பர் எல்லாத்துக்கும் ஒண்ணுதானேம்மா."

"நம்பர் ஒண்ணு சார். ஆளு ஒண்ணா? மேஜர் வீசும்போது எம்புட்டு லைன் வெளிய கெடந்துச்சு? நெனச்சுப் பாருங்க."

கர்னல் நடு ரோட்டில் நின்று யோசித்தார். "நெறையக் கிடந்தது" என்றார் மெதுவாக. "ரெண்டு பங்குக்கு மேலே கிடந்திருக்கும். அட கர்மமே. நம்பர்ங்கறது லைனுக்கு வச்ச பேருதான். ராடு கேக்கிற பாரம் வேற."

பிலிஸ் எங்கள் வீட்டுக்குள் வந்து, "சரசாக்கா, ஒரு டம்ளர் துவரம்பருப்பு" என்றாள். சரசா எதற்கென்று கேட்காமல் கொடுத்தாள். எட்மண்டைக் கையைப் பிடித்து எழுப்பி வராந்தாவுக்குக் கொண்டுவந்தாள். ராடை மாட்டி, இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். நுனியில் சின்ன பாலிதீன் பையைக் கட்டி, வெட்டின லைனின் எடைக்குப் பருப்பை நிறுத்துப் போட்டாள்.

"பையப் பைய ஆட்டுங்க. ராடு என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. தூங்குது."

இன்னும் கொஞ்சம் போட்டாள். ஆட்டினான். இல்லை என்று தலையசைத்தான். வரிசை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. மராட்டி வீட்டு அம்மாள், என்ன பூஜை என்று கேட்டாள். பிலிஸ் பிடிபிடியாகப் போடாமல் விரல் நுனியால் பருப்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் எட்மண்ட் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் ஆட்டினான்.

"போதும்" என்றான். "இப்ப அடி வரைக்கும் வருது. எடது கைக்குள்ள தெரியுது."

நிறுத்துப் பார்த்தாள். வெட்டின லைனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அவள் பருப்புப் பையைத் தராசிலிருந்து எடுத்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாள். "தப்பு எம்மேல. கொறஞ்ச பாரத்த குடுத்துட்டு ஒங்க கை மேல பழியப் போட்டுட்டேன். பாரம் கொறஞ்சா ராடு வேலை செய்யாது, எல்லா வேலையையும் தோளுதான் செய்யணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"என் தோளு தாங்காதுன்னுதான கொறச்ச. விடுட்டி" என்றான் எட்மண்ட்.

பெட்டியில் கிடந்த மிச்ச லைன் வெளியே வந்தது. நடுவிலிருந்து தடித்த பாகத்தை வெட்டி முதல் துண்டோடு சேர்க்கவேண்டும். தடித்த லைனில் முடிச்சுப் போட்டால் ராடின் வளையங்களில் மாட்டிக்கொள்ளும். முடிச்சில்லாமல் எப்படிச் சேர்ப்பது என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, வாசல்படியிலிருந்து சின்னக் குரல் வந்தது.

"இதென்ன பெரிய வித்தையா? கடையில கயிறும் விக்கவனுக்குக் கயித்தச் சேக்கத் தெரியாதா? ரெண்டு முனையையும் பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ண விட்டுக் கட்டணும். கொண்டா இங்க."

அழைத்துப் போக வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஜோஸ்பினின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொட்டு லைனின் மேல்தோலை உரித்தார். உள்ளே இருந்த பின்னல் இழையை ஊசியால் பிரித்து, இழைக்குள் இழையாகக் கோத்தார். பட்டு நூலால் நெருக்கிச் சுற்றினார். மேலே சைக்கிள் பஞ்சருக்குப் போடுகிற சொல்யூஷனைத் தடவினார். இழுத்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார்.

"அத்தான், டிக்கெட்டு எடுத்து வச்சிருக்கியளே" என்றாள் பிலிஸ்.

"அது ஒரு பக்கம் கெடக்கட்டும். கேட்ட வேலைய அரைகுறையா செய்யக் கூடாது" என்றார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடியும் ஆற்றுக்குப் போனோம். இந்தத் தரம் காரில் ஆரோக்கியமணியும் ஏறியதால் நான் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் போனேன். வழியில் வடா பாவ் வாங்கித் தின்றோம். எட்மண்ட் மட்டும் வேண்டாம் என்றான். அவன் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவன் அதே இடத்தில் இறங்கி நின்றான். முதல் வீச்சு பாதியில் விழுந்தது. ஜோஸ்பின் என் கையைக் கிள்ளினாள். பிலிஸ் கரையோரம் வரை போய்விட்டாள்; புடவை நனைந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"பையப் பைய" என்றாள். "வலது கைய மறந்துருங்க."

அவன் லைனை மெல்லத் தூக்கிப் பக்கத்தில் சுழற்றினான். தண்ணீர் மேல் ஒரு நொடி வளையம் தொங்கியது. ராடு வளைந்தது. நுனி மட்டும் இல்லை, அடிவரைக்கும் வளைந்தது, எங்களுக்கே தெரிந்தது. வலது கை மார்புக்கு நேரே நின்றது. இடது கை அடியை வயிற்றுப் பக்கம் இழுத்தது. லைன் அவனைத் தாண்டி, சுருள் பிரிந்துகொண்டே ஆற்றின் மேல் போயிற்று. நைலான் நரம்பு விறுவிறுவென்று ஓடியது. பாறைக்கு முன்னால், நிழலுக்குள், சத்தமில்லாமல் பூச்சி விழுந்தது.

"பப்பா, கயா! பாறைக்குப் போயாச்சு!" என்று ஜோஸ்பின் குதித்தாள். கர்னல் ஏதோ சுலோகம் சொன்னார். மீன்பிடிக்கிற இடத்தில் சொல்லக்கூடியதுதானா என்று எனக்குச் சந்தேகம். பிலிஸ் ஈர மணலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது.

எட்மண்ட் எங்கள் பக்கம் திரும்பவில்லை. லைனைச் சுற்றி எடுத்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்துப் பேசினான். அண்ணனிடம் நேரே சொல்ல அவனுக்குக் கூச்சம்.

"பிலிஸ், நாளைக்கி வண்டிக்கு அண்ணன் மட்டும் போனாப் போதும்னு சொல்லு. நான் திங்கக்கிழமை போசரிக்குப் போறேன்னு சொல்லு. மேஜையோ, என்ன எழவோ, போறேன்னு சொல்லு."

பிலிஸ் முகத்திலிருந்து முந்தானையை எடுக்காமலே தலையை ஆட்டினாள்.

ஆரோக்கியமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றார்.

"எனக்குக் காது நல்லாத்தாம்ல கேக்கு" என்றார். "நான் சேத்தது தாங்குதான்னு பாக்கணும். இன்னொருவாட்டி வீசு."